போத்தலின் முதுகு

மத்தியானம் பன்னிரண்டரை.
கஸ்தூரியார் வீதியில் வெய்யில் மட்டும் நடமாடுகிறது.
இதயராணியக்கா வெள்ளைப் போத்தலைக் கண்ணாடி மேசையில் வைத்து
முகத்தை மறுபக்கம் திருப்பி, முதுகைக் காட்டினா.
"இதில என்ன எழுதியிருக்கு, வாசியும்."

வாசித்தேன்.
முதலில் தண்ணீர். எப்போதும் முதலில் தண்ணீர்தான்,
காசில் பெரும்பங்கு அதற்கே.
இரண்டாவது சொல்லில் அவவின் நகம் குத்தி நின்றது:
செற்றைல் அற்ககோல்.

"இவர் விட்டு நாலு மாசமும் ஒன்பது நாளும்.
குளியலறைக்குள்ள நானே கொண்டுபோய் வைக்கிறதே?"

சிரிப்பு வந்தது, விழுங்கினேன்.
உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு எனக்கு பீ.
வெட்டுப்புள்ளி தாண்டவிடவில்லை.
அந்த பீயை இந்த மேசைக்குப் பின்னால் நின்று
சில்லறையாய்ச் செலவழிக்கிறேன்.

"அக்கா, பேர்தான் ஒண்டு, குணம் வேற.
இது மெழுகு மாதிரி. பதினாறு காபன் நீளத்தில கொழுப்பு வால்.
வெறிக்காது. முடியையும் காயவிடாது.
ஒரே பேரில ரெண்டு பேர் உங்கட ஒழுங்கையிலயும் இருப்பினம்தானே?"
"இருக்கினம். ஒருத்தன் எங்களுக்குக் கடன்காரன்."

அடுத்த பேரைச் சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது,
பெகென்றிமோனியம் குளோரைட்டு.
நேரேற்றம் கொண்டது.
சாயம் பூசி, சூடு காட்டி, இழுத்து வாரி
அடிபட்ட இடங்களில் முடி மறையேற்றம் கொள்ளும்.
இது அங்கேதான் கூடுதலாய்ப் போய் ஒட்டும்.
"அடிபட்ட இடத்தைத் தேடியோ போகும்?"
"தேடாது. இழுபடும்."
அவவின் கை பிடரிக்குப் போய்,
ஒன்றையும் தொடாமல் திரும்பியது.

"எந்த ஊர்க் கிணறு?"
"ஏழாலை."
பிறகென்ன. கேத்திலடியில் வெள்ளைப் படை,
சவர்க்காரம் நுரைக்கப் பஞ்சிப்படும்,
சுண்ணக்கல்லைக் கரைத்துவரும் கல்சியம் முடியிலும் குடியேறும்.
கடைசி வரிக்குப் பக்கத்தில் ஈ.டி.ரி.ஏ.,
நண்டு மாதிரி அதைக் கவ்விப் பிடிக்கும்.
போட்டிருப்பது கொஞ்சம்.
கிணறு பெரிது.

டைமெதிக்கோன்: சிலிக்கன் எண்ணெய்.
மேலே ஒரு படலம். சீப்புத் தடக்காது, வெளிச்சம் பட்டால் மினுங்கும்.
"அப்ப உள்ளுக்குள்ள மாறீடுமோ?"

முதலாளி சொல்லித்தந்த பதில் ஒன்றிருக்கிறது.
அவர் சாப்பிடப் போயிருந்தார்.
"மாறாது அக்கா. முடி உயிரில்லாத பொருள்,
தோலுக்கு வெளியில வந்தது தானா மாறாது.
இதெல்லாம் அடுத்த முழுக்கு மட்டும்."

அடுத்த முழுக்கு மட்டும், என்று
வாய்க்குள் வைத்துப் பார்த்தா, உப்புப் பார்ப்பது போல.

மிச்சம் இருந்தது வாசனை.
ஒற்றைச் சொல். அதற்குள் எத்தனை சாமான் இருக்கென்று
எனக்கும் தெரியாது என்றேன்.
"நான் அவற்றை கந்தோருக்கு ரெலிபோன் எடுத்து
'சுகமில்லை' எண்டு சொல்லுற மாதிரி."
இந்த முறை அவதான் சிரித்தா.

போத்தலை எடுத்தா. மாற்றித்தரச் சொல்லவில்லை.
"தங்கச்சி, உந்த விலை ஒட்டியில ஒண்டு தாரும்."
ஏனென்று கேட்பதற்குள்
இரண்டாவது சொல்லின் மேல் வைத்துப் பெருவிரலால் அழுத்தினா.
"எனக்கு விளங்கீட்டுது.
அவர் குளிக்கேக்க எல்லாத்தையும் வாசிக்கிற மனிசன்.
அந்தச் சொல்லை எந்த எழுத்தில கண்டாலும்
கொஞ்ச நேரம் அதிலயே நிப்பார்."

ஈரத்தில் இது கழன்றுவிடும் அக்கா, என்றேன்.

"தெரியும்," என்றா.
"இன்னும் ஒரு பத்துத் தாரும்."