மேட்

பாஸ்டன் வந்து சேர்ந்தேன் என்று செய்தி அனுப்பினேன்.
அக்கா அமெரிக்கா போய்விட்டாள் என்று
பானவேஜீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள் தங்கை.
இது லிங்கன்ஷயர் பாஸ்டன்.
அடிவானம் வரை முட்டைக்கோஸ்.
இடையில் தடுக்க ஒரு மேடுகூட இல்லை.

காய்கறி பேக்கிங் கொட்டகையில்
இரவு ஷிப்டுக்கு நாங்கள் பதினேழு லிதுவேனியர்.
அதில் பதினான்கு பேருக்கு இங்கிலீஷ் என்றால்
யெஸ், நோ, சாரி.
எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும் என்பதால்
கேன்டீனில் கெட்டிலுக்கு மேலே தொங்கிய வெள்ளைப் பலகை
என் பொறுப்பில் வந்தது.
உச்சியில் அச்சடித்திருக்கும்: விபத்தில்லாத நாட்கள்.
அதன் கீழே நாளுக்கு ஒரு சொல்,
பக்கத்திலேயே எங்கள் மொழியில் பொருள்.

ஆல்ரைட்:
இது கேள்வி இல்லை. முதுகுவலியைச் சொல்ல ஆரம்பிக்காதே.
நிற்காமல் போகிறவருக்கு
நீயும் நிற்காமல் பதில் சொல்: நாட் டூ பேட்.
நாட் டூ பேட்:
சம்பளம் ஏறியிருக்கலாம்.
வீடு எரிந்துகொண்டும் இருக்கலாம்.
லவ்:
டீக்கடை அம்மா எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுகிறாள்.
அல்கிமாந்தாஸ், நீ வாங்கின பூவைத் திருப்பிக் கொடு.

டெட் என்று எழுதிய இரவு சண்டை வந்தது.
போன் டெட், பாட்டரி டெட், லைன் டெட்.
எங்கள் மொழியில் மனிதருக்கு ஒரு சாவு,
மாட்டுக்கும் நாய்க்கும் வேறு சாவு.
மனிதரின் வினைச்சொல்லில் பங்கு கேட்கும் உரிமை
தேனீக்கு மட்டும்தான்.
நாய் செத்துப்போகும். தேனீ காலமாகும்.
அப்படியானால் போனுக்கு எதைப் போடுவது?
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வைதோதாஸ்
ரொட்டியை மென்றபடியே தீர்ப்புச் சொன்னான்:
"செத்ததென்றே போடு. தேனீயோடு சேர்க்காதே."

மேட் எழுதியபோது
நான் யோசிக்கக்கூட இல்லை.
பிச்சூலிஸ் என்று போட்டேன். நண்பன்.
தேனீ என்ற சொல்லின் வயிற்றில் பிறந்த சொல் அது.
உன் கூட்டம் பிரிந்து என் மரத்தில் வந்து அடைந்தால்
விலை பேசக் கூடாது.
தேனைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.
அன்றிலிருந்து நீயும் நானும் பிச்சூலிஸ்.

பிப்ரவரியில் புது மெஷின் வந்தது.
நைஜல் அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.
"வீ ஹேவ் டு லெட் யூ கோ, மேட்."
வைதோதாஸ் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.
போகலாம் என்று விட்டுவிட்டாராம்,
இரவு இரண்டு மணிக்கே,
அதுவும் பிச்சூலிஸ் என்று கூப்பிட்டு.
நான் காலிஃபிளவர் வரிசையில் இருந்தேன்.
பெல்ட் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.
போ போ, நன்றாகத் தூங்கு என்றேன்.

நான்தான் சொன்னேன்.

மறுநாள் இரவு கேட்டில்
அவன் கார்டு சிவப்பு காட்டியது.
துடைத்துவிட்டு வைத்தான். சிவப்பு.
ஜாக்கெட்டில் தேய்த்துவிட்டு வைத்தான்.
பின்னால் வரிசை நீண்டது.
மறு கையில் எங்கள் ஊர்க் கடையில் வாங்கிய
ஒரு ஜாடி தேன், நைஜலுக்கு.

யாராவது சொல்லத்தானே வேண்டும்.
சொல்ல வாயெடுத்தால் என் மொழியும் காலை வாரியது:
வேலையை விட்டு அனுப்புவதற்கும்
மன்னிப்பதற்கும்
எங்களிடம் ஒரே வினைச்சொல்.
"மன்னித்துவிட்டார்களா?" என்றான் வைதோதாஸ்,
புரிந்துகொண்ட முகத்தோடு, வேண்டுமென்றே.
"நான் என்ன செய்தேன், ஸ்கிர்மாந்தே?"
ஜாடியை என் கையில் திணித்துவிட்டு
பஸ் இல்லாத சாலையில் நடந்தான்.

அன்று பலகையைத் துடைத்தேன்.
மேட்: பெயர் மறந்துபோனால் கூப்பிடுவது,
என்று எழுதினேன். அதையும் துடைத்தேன்.
மேலே யாரோ எண்ணை மாற்றியிருந்தார்கள்:
விபத்தில்லாத நாட்கள் 213.

ஜாடி கெட்டில் பக்கத்திலேயே இருந்தது.
நாங்கள் யாரும் தொடவில்லை.
வியாழக்கிழமை சர்க்கரை தீர்ந்துபோக
நைஜல் மூடியைத் திருகி
ஒரு ஸ்பூன் டீயில் கலக்கினார். இன்னொரு ஸ்பூன்.
நல்லாயிருக்கே, யாருடையது என்றார்.

பிச்சூலிஸ், என்றேன்.

பெயர் என்று நினைத்துவிட்டார்.
ஸ்பூனை நக்கியபடி
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்,
தப்புத் தப்பாக.