கல் பொறுக்கும் மாதம்

ஏப்ரல் பிறந்துவிட்டது.
வடக்கு வேலியோரம் மட்டும் பனி,
துவைக்கப் போடாத விரிப்பாய் அழுக்கேறிக் கிடக்கிறது.
மற்ற இடமெல்லாம் சேறு.
பூட்ஸை இழுத்தால்
காலுறையோடு கால் மட்டும் வெளியே வருகிறது.

விற்றுத் தந்த தரகர் அடுக்கினார்:
நாலு ஹெக்டேர், கிணறு ஒன்று,
ஆப்பிள் மரம் பதினொன்று,
கூரை ஒழுகாத களஞ்சியம்.
ஒழுகியது.
கல்லைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

லாட்வியக் குளிரில் மண் உறைந்து, இளகி, மறுபடி உறைந்து
அடிவயிற்றில் கிடக்கும் கல்லை
விரல் விரலாய் மேலே தள்ளிவிடுமாம்.
நாங்கள் ஒரு விதையும் போடவில்லை, அதற்குள்
விளைந்து கிடக்கிறது வயல் நிறைய:
முட்டையளவு, ரொட்டியளவு,
நடுவில் ஒன்று
கன்று ஈன்று படுத்த பசுவளவு.

காஸ்பார்ஸிடம் கடப்பாரை. என்னிடம் தள்ளுவண்டி.
ரீகாவில் அவன் லிஃப்ட் பழுதுபார்த்தான்,
நான் பல் மருத்துவமனையில் ஃபோன் எடுத்தேன்.
"வலிக்குமா?" என்று கேட்டவர்களிடம்
"கொஞ்சம்தான்" என்று எட்டு வருஷம் சொன்னேன்.
இப்போது இரவில்
என் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டே
அதையே என்னிடம் சொல்கிறான்.

வீட்டில் எங்களுக்கு இடமில்லை.
ஜன்னல் விளிம்பெல்லாம் முளைவிடும் விதைக்கிழங்கு,
தயிர்க் கோப்பைகளில் வெங்காய நாற்று,
குளியல் தொட்டிக்குள் தக்காளி.
கட்டிலடியில் வாளிகளில் பிர்ச் மரத்தின் நீர்.
துளையிட்டுக் குழாய் செருகிய எட்டு மரங்கள்
போன வாரம்வரை சொட்டின.
குடித்தால் வெறும் தண்ணீர்தான்.
விழுங்கிய பிறகு, எங்கேயோ, இனிப்பு.

ஒன்பதாம் நாள் சண்டை.
கேரட் பாத்தி கிழக்கு மேற்காக என்றான்.
வடக்கு தெற்காக என்றேன்.
அளவு நாடாவின் ஒரு முனை அவனிடம், மறுமுனை என்னிடம்,
நடுவே காற்று அதைத் தூக்கிப் படபடவென்று அடித்தது.
பாத்தியில் தொடங்கிய பேச்சு
வங்கித் தவணைக்கு வந்து
அங்கிருந்து, அவன் அம்மா கிறிஸ்துமஸ் விருந்தில் சொன்ன
ஒரு வாக்கியத்துக்குப் போனது.
நாடாவைப் போட்டுவிட்டு டிராக்டரிடம் போனான்.
அதுவும் அவனோடு பேசவில்லை.

நான் அந்தப் பெரிய கல்லைத் தனியாகத் தள்ளினேன்.
தோளால். முதுகால். கெட்ட வார்த்தையால்.
எனக்குத்தான் மூச்சு வாங்கியது.
கையெல்லாம் கிரீஸோடு வந்தான்,
பலகையைச் செருகினான், நெம்பினான்.
பலகை முறிந்தது.
இருவரும் அதன்மேலேயே உட்கார்ந்தோம்.
வெயில் குடித்துக் கல் வெதுவெதுவென்று இருந்தது.
"சுத்திப் போகட்டும்" என்றான்.
எது என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவே பனி.
முந்தின நாள்தான் பிளாஸ்டிக் பந்தலுக்கு
இடம் மாற்றியிருந்தோம் வெங்காயத்தை.
இரண்டு மணிக்குப் பந்தல் முனகியது.
இரவு உடுப்பின்மேல் கோட்டும் நெற்றியில் விளக்குமாய் ஓடி
உள்ளே நின்று துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினோம்,
தொம், தொம்,
பொதிப் பொதியாய்ச் சரிந்தது வெளியே.
"நம்ம சண்டைக்குக் கீழ்வீட்டுக்காரர் இப்படித்தான் தட்டுவார்" என்றான்.
சிரித்ததில் என் துடைப்பம் கைநழுவி
அவன் காதில் பட்டது.

விடிந்ததும் எண்ணினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு நாற்றில்
பதினேழு போய்விட்டன.
தவணைத் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டான்.

வெளியே எல்லாம் வெள்ளை.
அந்தக் கல்லின் முதுகு மட்டும் உருகிக் கறுப்பாய்,
அதன்மேல் ஒரு வாலாட்டிக் குருவி.
ஆற்றுப் பனிக்கட்டியை வாலால் அடித்து உடைக்குமென்று
இந்தப் பக்கம் சொல்வார்கள்.
எங்களைப் பார்த்தது.
அவசரமில்லாமல் இரண்டு தடவை வாலை ஆட்டியது.

தள்ளுவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்க வேண்டும்.