கண்ணாடிக்கு இப்பக்கம்

டொலீடோவின் தெற்கு விளிம்பில்
முள்கம்பிக்குள் நூற்றிப்பத்துக் கார்கள்.
ஓட்டை போட்ட கண்ணாடிக்குப் பின்னால்
இரவு முழுக்க நான்.

வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்:
வைத்த இடத்தில் வைத்தது இல்லாத முகம்.
முதலில் திருட்டென்று நினைத்திருப்பார்கள்.
போலீசுக்குப் போன் போட்டிருப்பார்கள்.
திருடவில்லை, இழுத்திருக்கிறார்கள்
என்று பதில் வந்ததும்
ஒரு நொடி நிம்மதி வந்திருக்கும்.
அந்த நிம்மதிக்கும் சேர்த்துத்தான்
இங்கே பில் போடுகிறோம்.

கொக்கி மாட்டியதற்கு இவ்வளவு.
நிறுத்தி வைத்ததற்கு நாளொன்றுக்கு இவ்வளவு.
ராத்திரி கதவு திறந்ததற்கு இவ்வளவு.
அட்டை செல்லாது. காசோலை செல்லாது.
அழுகை முன்பு கொஞ்சம் சென்றது,
இப்போது அதுவும் இல்லை.

வண்டிக்காரர்களின் உரிமைகள் என்று ஒரு தாள் உண்டு.
பார்வையில் படும்படி ஒட்டச் சொன்னார்கள்.
ஒட்டியிருக்கிறோம்,
என் பார்வையில் படும்படி,
காலண்டருக்குக் கீழே.

ஒடெஸா டில்லரி வந்தது
வியாழன் விடியற்காலை மூன்றரைக்கு.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலை.
ஓட்டை வழியே அவளுக்கு முன்னால்
ப்ளீச்சிங் வாசனை உள்ளே வந்தது.
கத்தவில்லை.
"போட்டோவைக் காட்டு" என்றாள்.
"இழுக்கும் முன் எடுத்திருப்பீர்களே, அது."

ஏழு வருடத்தில் இதைக் கேட்ட மூன்றாவது ஆள்.
திரையைத் திருப்பினேன்.
நீல ப்யூக், கோட்டுக்குள் ஒழுங்காக.
கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லை.
ஓரத்தில் ஓட்டுநர் காரெட்டின் கட்டைவிரல்.
"எச்சரிக்கைப் பலகை எங்கே?"
"அதோ."
"அது லைலாக் புதர்."

பெரிதாக்கிப் பார்த்தேன்.
எங்கும் ஊதா.
ஊதாவுக்குள் எங்கோ
ஒரு சிவப்பு எழுத்தின் கால் மட்டும்.

"சரி. பணம் இல்லை.
உள்ளே கிடக்கும் சாமான் என்னுடையதுதானே?"
கார் அல்லாதது எல்லாம் உன்னுடையது
என்றது என் சுவர்.
தலையாட்டினேன்.

டார்ச்சோடு கூடவே போக வேண்டும் என்பது
எங்கள் விதி, நாங்களே போட்டது.
அவள் ஒரு நடைக்கு ஒரு பொருள் எடுத்தாள்.
சீருடை.
மகனின் ட்ராம்போன்.
ஒற்றைக் கையுறை.
அரை பாட்டில் நீலத் தண்ணீர்.
ஒரு பென்சில்.
திரும்பி வந்து, இன்னொரு பென்சில்.

பதினான்கு நடை.
என் முழங்கால் இரண்டும்
அவள் கட்சிக்குப் போய்விட்டன.

பதினான்காவது நடையில்
இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே கையை விட்டாள்.
பசை விட்டுக் குப்புற விழுந்து கிடந்தது
ஸ்டிக்கர். தேதி தாண்டவில்லை.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
"இதையும் எடு" என்றாள்.
எடுத்தேன்.
"உன் பேர்?"
"வெர்னா."
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்,
அந்த இரண்டாவது பென்சிலால். சரியாகப் பதியவில்லை.

காரை விட என்னால் முடியாது.
கொக்கி என்னுடையதல்ல, கேட்டும் என்னுடையதல்ல.
ப்ரின்டர் மட்டும் என் மேஜையில் இருக்கிறது.
இரண்டு படத்தையும் அச்சடித்து நீட்டினேன்,
நாள், நேரம் தெரிகிற மாதிரி.
ட்ராம்போனைத் தோளில் மாட்டிக்கொண்டு
முதல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

விசாரணை பத்தொன்பதாம் தேதி.
அதுவரை ப்யூக் இங்கேதான்;
தினமும் ஒரு நாள் வாடகை
அதன் மேல் தூசி மாதிரி ஏறுகிறது.

திங்கட்கிழமை காரெட் சொன்னான்:
அந்த அடுக்குமாடி லைலாக்கை
பூத்து நிற்கும்போதே
அடியோடு வெட்டிவிட்டார்களாம்.
இப்போது பலகை தெருவிலிருந்தே தெரிகிறதாம்.

நல்லது என்றேன்.
ஊதா இருந்ததற்கு
அவளிடம் காகிதம் இருக்கிறது.