இடுப்புக்குக் கீழே

டொக்டருக்குத் தமிழில் மூன்று சொற்கள்தான்.
வளையுங்கோ. அசையாதேங்கோ. சரி.
மூன்றும் போதுமாயிருந்தது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, விடியப்புறம் மூன்றரை.
பிரஷர் ஏறிப்போச்சு, நோ குறைந்தால்தான் இறங்கும் என்று
முள்ளந்தண்டில் இரண்டு கணுக்களுக்கு நடுவே
விரலால் இடம் தேடினார்.
இரணைமடுத் துருசை யாரோ
ஒரு விரற்கடை திறந்துவிட்டதுபோல்
முதுகுக்குள் குளிர் இறங்கியது.

முதலில் பெருவிரல் போனது.
பிறகு குதிகால்.
ஆறு மணிநேரமாய் என்னைப் பிடித்து உலுப்பிய குத்து
அடுத்த வீட்டுச் சண்டையாகி
சுவருக்கு அப்பால் கேட்டது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரித்தேன்.
பல் கிடுகிடுக்க, மூக்குநுனி அரிக்க அரிக்கச் சிரித்தேன்.
இப்போது பிரஷர் விழுந்துவிட்டதாம்,
இடப்பக்கம் புரட்டிப்போட்டு
சேலைனைக் கடகடவென்று விட்டார்கள்.
மெஷினில் பிள்ளையின் நெஞ்சு
மேட்டில் ஏறும் லாண்ட்மாஸ்டர்போல்
ஒருதரம் இழுத்து, தயங்கி,
பிறகு டக்குடக்கென்று பிடித்துக்கொண்டது.
அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினேன்.

முக்கவேண்டிய நேரம் வந்தது.
வந்ததென்று எனக்குத் தெரியவில்லை.
சாருலதா மிஸ்ஸி வயிற்றில் கைவைத்து
'இப்ப வருது, இப்ப, முக்கு' என்பாள்.
என் உடம்பின் சேதியை
இன்னொருத்தியின் உள்ளங்கை வாசித்துச் சொல்ல
ஒன்றேமுக்கால் மணிநேரம் முக்கினேன்.
கடைசியில் சின்னக் கிண்ணமொன்றை
உச்சந்தலையில் ஒட்டி இழுத்தெடுத்தார்கள்.

அழுதாள். அழுதுவிட்டு உறங்கிப்போனாள்.
தேத்தண்ணிக் கோப்பை வைத்தெடுத்த தடம்போல்
தலையில் ஒரு வட்ட வீக்கம்.
மார்பில் வைத்தால் வாய் திறப்பாள்,
எதற்கென்று மறந்துவிடுவாள்.
மருந்தா என்று கேட்டேன்.
'இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
ஊசி போடாததுகளின்ரை பிள்ளையளும் உப்பிடித்தான் படுக்குதுகள்.
உள்ளங்காலைச் சுரண்டு.'
சுரண்டினேன்.
அவள் காலை இழுத்துக்கொண்டாள்.
நான் என் காலை இழுத்துப் பார்த்தேன்.
அது வரவில்லை.

மத்தியானம் பார்வை நேரம்.
சீமெந்துத் தரையில் பிளாஸ்ரிக் கால் ஒரு சத்தம்,
மற்றக் கால் ஒரு சத்தம், தயாபரன் வந்தான்.
'நோகாமல் பெத்திட்டாய்' என்றாள் மச்சாள்,
பாராட்டோ குறையோ, குரலில் பிடிபடவில்லை.
எல்லாரும் தலைமாட்டில் நின்றார்கள்.
அவன் மகளை நெடுநேரம் பார்த்துவிட்டு
கால்மாட்டில் வந்து இருந்தான்.
போர்வையை விலக்கிக் கேட்டான்:
'எங்கை மட்டும் விறைப்பு?'
தொடையில் கோடு கீறிக் காட்டினேன்.

அவனுடைய கோடு முழங்காலுக்கு நாலு விரல் கீழே,
விறகுக்குப் போன காட்டில் விழுந்தது.
இல்லாத பெருவிரல்
மழைக்கு முதல்நாள் அவனைக் கடிக்கும்,
எழுந்து இருட்டில் தடவுவான்.
என் பெருவிரல் கண்ணெதிரே கிடக்கிறது,
கிள்ளுகிறான்,
யாருடையதையோ கிள்ளுகிறான்.

'பொறு. முதல்ல எறும்பு ஊரும். பிறகுதான் கால் வரும்.'
'உங்களுக்கு எப்பிடித் தெரியும்?'
'எனக்கும் எறும்பு வந்தது' என்றான்.
'கால் வரேல்லை.'

ஒன்றரைக்கு எறும்பு வந்தது.
பின்னாலேயே, வரிசையாக, தையல் நோவும்.
இரவு மிஸ்ஸியின் தோளில் தொங்கி
கழிப்பறைவரை பதினாலு அடி நடந்தேன்,
கூரைத்தகடு விழுந்ததுபோல் ஒரு தலையிடி.
மறுநாள் விடிய மகள் விழித்தாள்,
கவ்வினாள்,
நான் வாட்டே அதிரக் கத்தினேன்.

'அதுக்கு ஊசியில்லை' என்றாள் சாருலதா,
அடுத்த கட்டிலுக்குப் போனபடி.