ஒன்றரை இஞ்ச்

மூன்றாவது குளிர்காலம்.
ரூவியில் குளிர் என்றால்
இரவில் ஏசியை அணைக்கலாம், அவ்வளவுதான்.
ஆனாலும் என்னைவிட முன்பாக
முதுகுக்குள் கிடக்கும் இரண்டு கம்பிகளுக்கு
அது தெரிந்துவிடுகிறது.

இருபத்திரண்டு திருகாணிகள்.
எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டென்சிங்
"நம்ம கட்டிலுக்குக்கூட இத்தனை இல்லியே" என்றான்.
சிரித்துவிட்டேன்.
சிரிக்கக் கூடாத மாதம் அது.

ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றவர்கள்
ஆறு மாதம் கழித்து
கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.
அக்கா மட்டும் மார்த்தாண்டத்திலிருந்து
ஞாயிறுதோறும் கேட்கிறாள்,
"இப்பமும் வலிக்கா?"
கொடுத்த கடனைக் கேட்கிற குரலில்.

வலி இல்லை அக்கா.
வலி இருந்த இடத்தில் வேறென்னவோ இருக்கிறது.
இடது விலாவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு
யாருடையதோ போல ஒரு தோல்.
சோப்புப் போடுவது கைக்குத் தெரிகிறது,
தோலுக்குத் தெரிவதில்லை.

குனி என்பது
எனக்கு இறந்தகாலம் மட்டுமே உள்ள வினைச்சொல்.
விழுந்தவற்றில்
உடனே வேண்டியதற்கு மட்டும்
மரிவிக் சொல்லித்தந்தபடி
முட்டி மடக்கி, முதுகு வளையாமல்
பளு தூக்குகிறவளைப் போல இறங்குவேன்.
சிலது இடுக்கிக் கோலுக்கு.
மற்றதெல்லாம்
சோஹாரிலிருந்து வியாழன் ராத்திரி
டென்சிங் வரும்வரை தரையில் கிடக்கும்.
சோபாவுக்கடியில் ஓர் ஐம்பது பைசா
அவன் கண்ணிலும் படாமல்
இரண்டு வருடமாக இருக்கிறது.

இத்தனை நாள் ரெடிமேடிலும் நைட்டியிலும் ஓட்டியவள்
போன மாதம்தான்
மொக்லேஸ் பாய் கடைக்குத் துணி கொண்டுபோனேன்.
ஹம்ரியாவில்
லாண்டரிக்கும் மொபைல் கடைக்கும் நடுவே
ஒரு மிஷின் போடுகிற அகலம்.
பதினோரு வருடப் பழக்கம்.
"அளவு இருக்கு மேடம்" என்றார்,
டேப்பைத் தொடவேயில்லை.

தைத்து வந்த குர்த்தா
வலப்பக்கம் இறங்கித் தொங்கியது.
கண்ணாடி முன் நின்றேன்.
தோள் சரி.
இடுப்பு சரி.
துணிதான் கோணல்.

திரும்பக் கொண்டுபோனபோது
நோட்டைப் புரட்டிக் காட்டினார்.
வங்காளத்தில் என் பெயர்,
அதற்குக் கீழே எண்கள்,
ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன அம்புக்குறி.
வலம், ஒன்றரை இஞ்ச் கூட.

பதினோரு வருடம்.
ஈஸ்டருக்கு, ஆபீஸ் விருந்துக்கு,
நாத்தனார் கல்யாண போட்டோவுக்கு,
யாரும் கவனிக்கவில்லை, தப்பித்தேன்
என்று நான் மூச்சுவிட்ட ஒவ்வொரு தடவையும்
ஏறிய தோளுக்கு ஈடாக
ஒன்றரை இஞ்ச் துணி
எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது.
ஒரு வார்த்தை கேட்டதில்லை மனுஷன்.
கூலியும் கூட்டியதில்லை.

ஆபரேஷன் என்றேன்.
தலையாட்டினார்.
பின்னால் வந்து டேப்பைப் பிடித்தவரின் விரல்
முதுகைத் தொடாமல்
நூலிழை தள்ளியே நின்றது.
தொடலாம், உடையாது என்றேன்.
அப்போதும் தொடவில்லை.
"உயரமும் கூடிருக்கே" என்றார்.
ரெண்டு இஞ்ச்.
நாற்பத்துநாலு வயதில் வளர்ந்த ஆளுக்கு
அவர் தைத்ததே இல்லையாம்.

பழைய அளவை அடிக்கப் போனார்.
அடிக்காதீங்க பாய்.
சொன்ன பிறகு
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.
அவரும் கேட்கவில்லை, வழக்கம்போல.
புதுப் பக்கம் திருப்பி எழுதினார்.
ஓரம் வெறுமையாக இருந்தது.

அந்தக் குர்த்தாவைப் பிரித்துத் தைக்கட்டுமா?
வேண்டாம், இருக்கட்டும்.

வீட்டில் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.
கம்பி குளிரும் ராத்திரிகளில்
சமையலறைக்கும் ஜன்னலுக்குமாக
சொல்லப்பட்ட நாற்பது நிமிடம் நடக்கையில்
தொங்குகிற அந்த ஓரம்
வலது முட்டியில் வந்து வந்து உரசுகிறது.
அங்கே எனக்கு
நன்றாகவே தெரிகிறது.