கூட்டம் அமைதியாக முடிந்தது

மேடைக்கு இடப்பக்கம், ஜெனரேட்டர் புகை எட்டாத தூரத்தில்
எனக்கு எப்போதும் ஒரு மடக்கு நாற்காலி.
காக்கி கிடையாது, கட்டம் போட்ட சட்டைதான்.
ஆனாலும் தெரிந்துவிடுகிறது,
டீக்காரர் காசு வாங்குவதில்லை.
பேச்சாளர்கள் படியேறும் முன்
என் பென்சிலைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார்கள்:
ஒரு சொல் விடாமல் கேட்க
ஒருத்தனாவது வந்திருக்கிறான்.

பதினெட்டு வருஷம்.
கொரடாச்சேரியில் ஒருவர் சொன்ன கச்சா எண்ணெய்க் கணக்கை
மறுவாரம் கூத்தாநல்லூரில் இன்னொருவர்
தலைகீழாகச் சொன்னார்.
இரண்டுக்கும் (கைதட்டல்) என்று போட்டேன்.
டாலர் ஏறியது, நோட்டு செல்லாமல் போனது,
ஏதோ ஒரு கடலில் கோதுமைக் கப்பல் நின்றது,
எல்லாம் என் முழங்காலில்தான் நடந்தன.

எங்கள் எழுத்தில் மெய்யைத்தான் கோடாகப் போடுவோம்.
உயிரெல்லாம் வெறும் புள்ளி.
பேச்சு வேகமெடுத்தால் உயிரை விட்டுவிடலாம்;
ராத்திரி தட்டச்சில் உட்காரும்போது
ஞாபகத்திலிருந்து கொடுத்துக்கொள்ள வேண்டியது.
பணவீக்கத்துக்கு வால் வளைந்த ஒரு கோடு.
உலக வங்கிக்கு ஒரு கொக்கி.
'ஏழை எளிய' என்பதற்கு நானாக ஒன்று வைத்திருக்கிறேன்,
கடுகளவு. அவ்வளவு தடவை வரும்.

இன்றைக்குத் திருத்துறைப்பூண்டி.
நோட்டீசில் 'பொருளாதாரப் புயல்' பூந்தோட்டம் இளஞ்சேரல்.
கூரை பறந்த ஊருக்கு
இந்தப் பட்டத்தோடு வர ஒரு துணிச்சல் வேண்டும்.
ஆனால் நன்றாகப் பேசினார், பொய் சொல்லக் கூடாது.
எங்கோ ஒரு நாட்டு வங்கி கால் சதம் வட்டி ஏற்றினால்
கோட்டூரில் யூரியா மூட்டை எப்படிக் கனக்கிறது என்று
விரல் விரலாக மடக்கிக் காட்டினார்.
பனங்கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
ஜெனீவாவுக்குப் போனார்.
நானும் போனேன், நிமிஷத்துக்கு நூற்றிருபது சொல்.

அங்கே இருக்கும்போதுதான்
கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் எழுந்தாள்.
பெயர் தையல்நாயகி, விளக்குடி. பிறகு விசாரித்ததில் தெரிந்தது.
"பதினேழுன்னா எடுத்துக்குவான் சார்.
எனக்கு மிசினு இருவத்தொண்ணு காட்டுது.
ஒம்பது நாளா களத்துலயே கெடக்கு.
நீங்க சொல்ற ஊர்லேருந்து
யாராச்சும் வந்து கை வச்சுப் பாப்பாங்களா?"

தொண்டர்கள் பாய்ந்தார்கள். அவர் கையை உயர்த்தினார்.
"எத்தனை மூட்டைம்மா?"
"அம்பத்து மூணு."

அப்புறம் அவர் பேசவில்லை.
மைக் அவர் மூச்சை மட்டும் எடுத்து
தெற்கு வீதி வரை கொண்டுபோனது.
டியூப்லைட்டில் தத்துப்பூச்சி மொய்த்தது.
கூட்டத்தில் யாரோ இருமி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.
வாயடைத்து நிற்பதற்கு எங்களிடம் கோடு இல்லை.
சரியோ தப்போ, ஒரு புள்ளி வைத்தேன்.

பிறகு மறுபடி ஜெனீவா.
அதே வாக்கியத்தை இரண்டு முறை சொன்னார்.
பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டு
சால்வையை மேடையிலேயே மறந்து இறங்கினார்.

ஸ்டேஷனில் மணி பன்னிரண்டு.
கூடியவர்கள்: சுமார் முந்நூறு.
ஆட்சேபகரமான சொற்கள்: இல்லை.
இடையூறு: இல்லை.
கூட்டம் 9.50க்கு அமைதியாக முடிந்தது.

அவருடைய கடைசி வரியில்தான் மாட்டிக்கொண்டேன்.
ந, ல. பக்கத்தில் 'விலை வரும்'.
நல்ல விலையா, நெல் விலையா,
இல்லை நாலு விலை என்று ஏதாவது கணக்கா.
உயிர் போடாமல் விட்டிருக்கிறேன்.
காதில் எதுவும் திரும்ப வரவில்லை.
வழக்கமாக இந்த இடத்தில் வருவது 'நல்ல'.
அடித்தேன்.

ஜன்னலுக்கு வெளியே
தை மாசத்தில் வரக் கூடாத மின்னல்,
விளக்குடிப் பக்கம்.
தார்ப்பாய்க்கு நாள் வாடகை எவ்வளவு என்று
தொண்டர்கள் இரைச்சலில் அவள் சொன்ன மாதிரி இருந்தது.
நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
எழுதியிருக்கவில்லை.