அழிந்தது விதைத்ததை விட

கமநல நிலையத்துக்கு யானைச்சேதப் படிவம்
நான்தான் எழுதினேன், அக்கரைப்பற்றில்,
ஒரு மின்வெட்டுக்கும் அடுத்த மின்வெட்டுக்கும் நடுவில்.

ஒவ்வொரு பெட்டியையும் தனியே விசாரித்தால்
ஒன்றும் பொய் சொல்லாது.
விதைத்த நாள், ஒரு நாள்.
சேதமான நாளும் ஒரு நாள்தான்.
இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால் தெரியும்
விதைப்புக்கு முன்னமே யானை வந்துபோனது.

மானாவாரி என்று தெரிந்தால்
குளத்தின் பெயர்ப் பெட்டி மறைய வேண்டும்.
மறைந்தது.
ஆனால் முதலில் சாகாமம் என்று எழுதிவிட்டு
மானாவாரிக்கு மாறியவர்களுக்கு
மறைந்த பெட்டிக்குள் குளம் அப்படியே தளும்பி நின்றது.
வான்கதவைத் திறந்து அதை வடிக்க
எனக்கு ஒரு கிழமை போனது.

மற்றது அவசரம்.
சேத ஏக்கரை அடித்த கையோடு
விதைத்த ஏக்கர் எங்கே என்று சிவந்து கத்தியது,
விரல் இன்னும் அந்தப் பெட்டிக்கே போகவில்லை.
"உங்கட படிவம் சலாம் சொல்ல முதல்
சண்டைக்கு வருது" என்றா பஸ்மியா.
இரண்டையும் தொட்டுவிட்டு வரட்டும், பிறகு வாய் திற
என்று அதைப் பழக்கினேன்.

கடைசி விதியில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை:
சேதமான ஏக்கர் விதைத்த ஏக்கரை மிஞ்சக் கூடாது.

செவ்வாய்க்கிழமை
கஞ்சிகுடிச்சாற்றிலிருந்து தவமலர்.
விதைத்தது இரண்டு. சேதம் மூன்றரை.
சிவப்பு.
பஸ்மியா திரும்ப அடித்தா. சிவப்பு.
திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினா.

"ரெண்டு ஏக்கர் வயலில போச்சு புள்ள.
மறுகா வீட்டுச் சுவரை இடிச்சு
அடுத்த போகத்துக்கு வச்ச விதைநெல்லையும் திண்டுட்டுது.
ரெண்டு மூட்டை. ஒண்டரை ஏக்கருக்குக் காணும்.
அதை எந்தப் பெட்டிக்குள்ள போடுற?"

தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு
பெட்டி ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அன்றிரவு சிவப்பை மஞ்சளாக்கினேன்.
மஞ்சள் விழுந்தால் கீழே
'ஏன்?' என்று ஓர் இடம் திறக்கும்.
இரண்டு பெட்டிகளும் ஒத்துப்போகிறவரை
அப்படி ஓர் இடம் இருப்பதே யாருக்கும் தெரியாது.
இருநூறு எழுத்து வைத்தேன்.

தவமலர் சொல்ல பஸ்மியா அடித்தது:
வாற போகமும் போச்சு.

அதற்குச் சரி பிழை பார்க்க என்னிடம் விதி இல்லை.
சேமிக்கப்பட்டது என்று மட்டும் பச்சையில் வந்தது.
மஞ்சளுக்கு எவ்வளவு கொடுப்பது என்று
மேலிடம் இன்னும் பதில் போடவில்லை.